வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்: முதல் நாளுக்கு முன் குடும்பம் செய்து வைக்க வேண்டியவை என்ன?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒற்றை வரி ஒன்று இருப்பது வழக்கம்: 'பிசியோதெரபி தொடரவும்.' யாரிடம் தொடர்வது, எத்தனை நாள்களுக்கு, எந்த இலக்கை நோக்கி என்பது அந்த வரியில் பெரும்பாலும் இருப்பதில்லை. நோயாளியை மாடிப்படியில் இறக்கி ஏற்ற இயலாத நிலையில், குடும்பத்தினர் தெரிந்தவர் மூலமோ கைப்பேசிச் செயலி மூலமோ ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு அழைக்கின்றனர். நாளும் நேரமும் உறுதியாகின்றன. அதற்குள் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால், பக்கவாதத்துக்குப் பின் இழந்த அசைவுகள் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடைபெறுகிறது. அதன் பிறகு முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை, வேகம் குறைகிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையிலும், முதல் சில வாரங்களில் மூட்டு நன்றாக நீளவும் மடங்கவும் பழகாவிட்டால் பின்னர் அந்த விறைப்பை நீக்குவது கடினமாகிறது. ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, முதல் வருகையின் பாதி நேரம் எக்ஸ்ரே படத்தைத் தேடுவதிலும் கட்டிலை நகர்த்துவதிலும் கழிந்தால், இழப்பது பணத்தை மட்டுமல்ல.

மசாஜ் அல்ல, மதிப்பீடு

முதல் வருகையைப் பற்றிப் பரவலான எதிர்பார்ப்பு ஒன்று உண்டு. வருபவர் தைலம் தேய்த்துக் கை கால்களை நீவி விடுவார், அல்லது பெட்டியைத் திறந்து ஒரு கருவியை எடுத்து 'கரண்ட்' வைப்பார் என்பதே அது. நடைமுறையில், சுமார் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும் முதல் சந்திப்பின் பெரும்பகுதி கேள்விகளிலும் சோதனைகளிலும் கழிகிறது. 'முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை, பேசிவிட்டுப் போய்விட்டார்' என்று குறைப்பட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. எதையும் கேட்காமல், எதையும் அளக்காமல், வந்த ஐந்தாவது நிமிடத்தில் கையைப் பிடித்து மடக்கத் தொடங்குபவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அளவீடுகள் எளிமையானவை. வலியை 0 முதல் 10 வரையிலான எண்ணால் சொல்லுமாறு நோயாளி கேட்கப்படுவார். வலியே இல்லை என்றால் 0. இதற்கு மேல் தாங்க இயலாது என்றால் 10. தசை வலிமை 0 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகிறது. பிறர் உதவியின்றிக் கையையோ காலையோ புவியீர்ப்புக்கு எதிராக முழுமையாக உயர்த்த முடிந்தால் அது 3. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நீளாமல் நிற்கிறது என்பது கோணமானி கொண்டு அளக்கப்படுகிறது.

நிற்கவும் நடக்கவும் கூடிய முதியவர்களுக்குச் செய்யப்படும் சோதனை ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதே அது. 12 விநாடிகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் முதியவர் கீழே விழும் அபாயத்தில் உள்ளவராகக் கருதப்பட வேண்டும் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. முதல் நாள் எழுதப்படும் இந்த எண்தான் அடுத்தடுத்த வாரங்களில் முன்னேற்றத்தைச் சொல்லும் சாட்சி. அதை எடுக்காமல் தொடங்கும் சிகிச்சையில், ஒரு மாதம் கழித்து 'பரவாயில்லை போலிருக்கிறது' என்ற அனுமானமே மிஞ்சும்.

கேள்விகளுக்கு வருவோம். நோய்க்கு முன் இவர் எப்படி இருந்தார் என்பது முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். கடைக்குத் தனியாகச் சென்று வந்தவரா, ஏற்கெனவே கைத்தடி பிடித்தவரா, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தவரா என்பதைப் பொறுத்து எட்டக்கூடிய இலக்கு மாறும். அடுத்தது, நோயாளி என்ன செய்ய விரும்புகிறார் என்பது. 'நன்றாக நடக்க வேண்டும்' என்ற பதிலை வைத்துப் பயிற்சித் திட்டம் வகுக்க முடியாது. இரவில் பிறர் உதவியின்றிக் கழிப்பறைக்குச் சென்றுவர வேண்டும், சோற்றைத் தன் வலது கையால் பிசைந்து உண்ண வேண்டும், கோயில் படிகள் ஆறையும் ஏற வேண்டும் என்பவை இலக்குகள். இதை நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டு வைப்பது நல்லது. மகனின் விருப்பமும் தாயின் விருப்பமும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

மற்றொரு சிக்கல், முதல் நாளன்று நோயாளிகள் தங்கள் நிலையை உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை என்பது. வெளியாள் ஒருவர் வந்திருக்கும் உற்சாகத்தில் வழக்கத்தைவிட நன்றாக நடந்து காட்டுவோர் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததை வெட்கத்தால் மறைப்போரும் உண்டு. எனவே, சந்திப்புக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு தாளில் சிறு குறிப்பு எழுதி வருவது மிகுந்த பயன் தரும். எப்போது வலி கூடியது, இரவில் எத்தனை முறை எழுந்தார், எழும்போது யார் பிடித்தார்கள், எங்கே தடுமாறினார், எதற்குப் பின் மூச்சு வாங்கியது ஆகியவை போதும். பணம் செலவில்லாத ஆயத்தங்களில் இதற்கு இணையானது வேறில்லை. பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டவரானால் இக்குறிப்பு இன்னும் அவசியமாகிறது. அவரால் தலையசைத்து ஆம், இல்லை என்று சொல்ல முடிகிறதா என்பதையும் குடும்பத்தினர் முன்பே கவனித்துச் சொல்ல வேண்டும்.

ஆவணங்களில் தேட வேண்டிய வரி

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ அறிக்கைகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது போதுமானது. எம்ஆர்ஐ படச்சுருள்களைவிட உடன் வரும் அச்சிட்ட அறிக்கை முக்கியமானது. முந்தைய நாளே அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டால், வருபவர் படித்துவிட்டு வர வாய்ப்பு கிடைக்கும்.

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பொறுத்தவரை, அந்தக் காகிதங்களில் ஒரு தகவலைக் குறிப்பாகத் தேட வேண்டும். அடிபட்ட காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதே அது. முழு எடையும் ஊன்றலாம், பகுதி எடை மட்டும் ஊன்றலாம், பாதம் தரையைத் தொடலாம் ஆனால் எடை கூடாது, தரையில் படவே கூடாது எனப் பல நிலைகள் உள்ளன. எலும்பு எப்படி உடைந்தது, எந்த வகையில் பொருத்தப்பட்டது என்பதைப் பார்த்து அறுவை சிகிச்சை நிபுணரே இதை முடிவு செய்கிறார். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் இதை ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் கூடாது. சம்மரியில் இந்த வரி இல்லையெனில், முதல் சந்திப்புக்கு முன்பே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு எழுதி வாங்குவது குடும்பத்தின் பொறுப்பு. தகவல் இல்லாதபோது எச்சரிக்கையானவர் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துப் பயிற்சி தருவார், ஒரு நாள் வீணாகும். எச்சரிக்கையற்றவர் நிற்க வைத்துவிடுவார்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில், மூட்டை எந்தப் பக்கத்திலிருந்து திறந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சில அசைவுகளுக்குத் தடை இருக்கலாம். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும், காலை மறுகாலின் குறுக்கே போடுவதும் அத்தகைய தடைகளில் அடங்கும். இதையும் கேட்டு அறிந்து வைக்க வேண்டும்.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

'பழைய விஷயம்தானே' என்று விட்டுவிடும் தகவல்களே சில நேரங்களில் ஆபத்தாகின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தால், வலி குறைக்கப் பயன்படும் மின்தூண்டல் கருவிகள் அதன் இயக்கத்தில் குறுக்கிடக்கூடும். உடலில் உலோகத் தகடோ செயற்கை மூட்டோ உள்ள இடத்தில் ஆழ்வெப்பம் தரும் டயதர்மி கருவியைப் பயன்படுத்தக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதங்கள் மரத்துப்போனவருக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் தீக்காயத்தில் முடியலாம்; சூடு தெரியாததால் அவர் கையை, காலை இழுத்துக்கொள்ள மாட்டார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், கர்ப்பிணி, வலிப்பு வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர் ஆகியோர் விஷயத்திலும் முன்தகவல் தேவை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்பட வேண்டியது கெண்டைக்கால் வீக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, நீண்ட நாள் படுக்கையில் இருந்த பிறகோ, காலின் ஆழத்தில் உள்ள சிரைகளில் ரத்தம் உறைந்துவிடுவதுண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக, சில நேரம் சிவந்தும் காணப்படும். 'நீர் இறங்கியிருக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும்' என்பது வீட்டுப் பெரியவர்கள் அன்புடன் தரும் ஆலோசனை. உறைந்த கட்டி அந்த அழுத்தத்தில் பெயர்ந்து ரத்த ஓட்டத்துடன் நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரிடும். இத்தகைய வீக்கம் இருந்தால் நீவுவதோ பயிற்சியோ கூடாது. பிசியோதெரபி சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த இருமல் இருந்தால் 108 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

முதுகுவலிக்காகப் பிசியோதெரபிஸ்ட்டை அழைப்பவர்களும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் உட்புறமும் அமரும் பகுதியும் மரத்துப்போதல், கால்கள் வேகமாக வலுவிழத்தல் ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். இவற்றுக்கு இடம் மருத்துவமனைதான்.

கட்டிலும் கழிப்பறையும்

மருத்துவமனையில் இல்லாத ஒரு சாதகம் வீட்டுச் சிகிச்சைக்கு உண்டு. நோயாளி எந்தப் படியில் ஏற வேண்டுமோ, எந்தக் கட்டிலில் இருந்து எழ வேண்டுமோ, அதையே நேரில் பார்த்துப் பயிற்சி தர முடியும். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் செங்கல் வைத்து உயர்த்தப்பட்ட கட்டில்களில் உட்காருபவருக்குப் பாதம் தரையில் படாது. மும்பை சால் குடியிருப்புகளில் பொதுக் கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும். அந்தத் தூரத்தை நடப்பதே அங்குள்ளவரின் முதல் இலக்கு. தில்லியின் லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் வசிப்பவருக்குப் படிகளே எல்லாம். ஆகவே, வருபவருக்காக வரவேற்பறையை அழகுபடுத்தி, நோயாளியை அங்கே சோபாவில் கொண்டுவந்து உட்கார வைப்பதில் பயனில்லை. அவர் உறங்கும் அறையும், பயன்படுத்தும் கழிப்பறையும், இடையே உள்ள வழியும் எப்படி உள்ளனவோ அப்படியே காட்டப்பட வேண்டும்.

இருப்பினும் சில மாற்றங்களை முன்பே செய்யலாம். சுவரோடு ஒட்டியுள்ள கட்டிலை நகர்த்தி, இருபுறமும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். உடல் புதையும் மெத்தையில் புரளவும் எழவும் நோயாளி அதிகம் போராட வேண்டியிருக்கும். கெட்டியான மெத்தை உதவும். கைப்பிடியுள்ள, சக்கரமற்ற, நகராத நாற்காலி ஒன்று தேவை. பிளாஸ்டிக் நாற்காலியில் கையூன்றி எழும்போது அது பின்னால் சரியக்கூடும் என்பதால் சுவரோரம் வைப்பது பாதுகாப்பானது. தடையின்றி மூன்று நான்கு மீட்டர் நடக்க வழி இருக்க வேண்டும். மிதியடிகள், தரையில் ஓடும் மின்கம்பிகள், சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். வாக்கரோ கைத்தடியோ முன்பே வாங்கியிருந்தால் எடுத்து வைக்கலாம். வாங்கியிருக்காவிட்டால் முதல் சந்திப்பு வரை பொறுப்பது நல்லது. உயரம் பொருந்தாத வாக்கர் முதுகைக் கூன வைக்கும். நோயாளி நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடும்போது மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரமே கைப்பிடியின் உயரம்.

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டில் கழிப்பறையின் வகை தனிக் கவனத்துக்கு உரியது. சமதரையில் நடக்க முழங்கால் 60 பாகையளவு மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ 90 பாகைக்கும் மேல் தேவைப்படுகிறது. இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி அமர அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். செயற்கை மூட்டு பொருத்தியவர்கள் குந்தி அமர்வதை மருத்துவர்கள் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. மேற்கத்திய முறைக் கழிப்பறை இல்லாத வீடுகளில், நடுவில் திறப்புள்ள கழிப்பறை நாற்காலியை இந்திய முறைக் கழிப்பறையின் மேல் வைத்துப் பயன்படுத்துவது எளிய மாற்று. இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும் என்றாலும், பெரும்பாலான வீடுகளில் முதல் பிசியோதெரபி சந்திப்பின்போதுதான் இந்தப் பேச்சே எழுகிறது.

இதே நோயாளிகள் விஷயத்தில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று, இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை நாள் முழுவதும் வைத்திருப்பது. மூட்டு சற்று மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்; நடக்கும்போது கால் முழுமையாக நீளாது. கால் உயர வேண்டுமானால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதே சரி.

உணவு, மாத்திரை, உடை

வயிறு நிரம்ப உண்ட உடனேயோ வெறும் வயிற்றிலோ பயிற்சி கூடாது; ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன் மிதமான உணவு ஏற்றது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் அந்த நேரத்தைக் குறித்துவைத்து, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, அருகில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். மருத்துவர் வலி மாத்திரை எழுதியிருந்தால், அதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டால் பயிற்சியின்போது வலி குறைவாக இருக்கும். அன்றைய ரத்த அழுத்த அளவைக் குறித்து வைக்கலாம். காய்ச்சல் இருந்தால் தள்ளிவைக்கலாம்.

முழங்காலையோ தோளையோ பார்க்க வேண்டியிருப்பதால் தளர்வான கால்சட்டை, முன்பக்கம் திறக்கும் சட்டை போன்றவை வசதியானவை. நீண்ட புடவையும் வேட்டியும் வாக்கரின் காலில் சிக்குகின்றன. பின்பட்டை உள்ள, வழுக்காத செருப்பு வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் வெறும் காலுறையுடன் நடப்பது ஆபத்து. பெண் நோயாளி பெண் பிசியோதெரபிஸ்ட்டை விரும்பினால் அதை முன்பதிவின்போதே கேட்பது அவரது உரிமை. எந்த இடத்தைத் தொடப் போகிறார், ஏன் தொடுகிறார் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற்ற பின்பே தொடுவது தொழில் ஒழுங்கு. வீட்டார் ஒருவர் உடனிருப்பதில் எந்த முறைகேடும் இல்லை.

உடனிருப்பவரின் கைகள்

அந்த ஒருவர் யார் என்பதையும் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளில் ஒரு மணி நேரமே இருக்கப் போகிறார். மீதமுள்ள 23 மணி நேரத்தில் நோயாளியைப் புரட்டுவதும் எழுப்புவதும் நடத்துவதும் மனைவியோ மருமகளோ சம்பளத்துக்கு வைத்த உதவியாளரோதான். முதல் நாளில் அறை நிறைய உறவினர் கூடி நிற்பதைவிட, அன்றாடம் செய்யப்போகும் ஒருவர் நின்று, பார்த்து, தம் கையால் செய்து காட்டித் திருத்தம் பெறுவது பலனளிக்கும்.

பக்கவாத நோயாளிகளின் வீடுகளில் உடனடியாக நிறுத்தப்பட வேண்டிய பழக்கம், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. அந்தத் தோளைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு தன் குழியிலிருந்து இறங்கிவிடும். பிறகு ஏற்படும் தோள்வலி மாதக்கணக்கில் நீடித்து, கைப்பயிற்சியையே முடக்கிவிடுகிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் இதே கேட்டைத் தரும். இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நோயாளியை முன்னோக்கிச் சாயச் செய்து எழுப்பும் முறையை முதல் நாளிலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

அதிகம் செய்தால் விரைவில் குணமாகும் என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. பக்கவாதம் ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளை எழுப்பி அடிக்கடி, தீவிரமாக நடமாடச் செய்வது நன்மை தருமா என்பதை ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் ஆராய்ந்த 'அவெர்ட்' ஆய்வின் முடிவுகள் 2015ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியாயின. வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களைவிட, மிக விரைவாகவும் தீவிரமாகவும் நடமாட வைக்கப்பட்டவர்களில் நல்ல பலன் பெற்றோர் குறைவாகவே இருந்தனர். இந்த முடிவு முதல் நாள்களைப் பற்றியது. வீடு திரும்பிய பின் பயிற்சி அவசியமே. ஆனால், அளவைத் தீர்மானிப்பது ஆர்வமாக இருக்கக் கூடாது.

வருபவர் தகுதி பெற்றவரா?

1950களின் தொடக்கத்தில் மும்பையில் போலியோ பரவியதை அடுத்து, 1953ஆம் ஆண்டு அந்நகரின் கேஇஎம் மருத்துவமனையில் உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் பிசியோதெரபி பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையின் முறையான கல்வி அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆனால் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் ஒன்று வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. பிசியோதெரபி அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்பே தில்லி, மகாராஷ்டிரம், குஜராத் போன்ற சில மாநிலங்கள் தங்களுக்கெனத் தனி கவுன்சில் அமைத்துப் பதிவு முறையை நடத்தி வந்தன.

குடும்பத்தினர் கேட்க வேண்டியது சுருக்கமானது: பிபிடி அல்லது எம்பிடி பட்டம் பெற்றவரா, பதிவு எண் உள்ளதா, இதே வகை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா? பெயருக்கு முன் 'டாக்டர்' என்று உள்ளதா என்பதை அளவுகோலாகக் கொள்ளத் தேவையில்லை. அந்த அடைமொழி குறித்து மருத்துவர் அமைப்புகளுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் இடையே நெடுநாள் சர்ச்சை உள்ளது. மசாஜ் நிலையத்தில் பழகியவரும், மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவரும் 'பிசியோ' என்ற பெயரில் வீடுகளுக்குச் செல்வதுதான் உண்மையான கவலை. சான்றிதழைக் காட்டுமாறு கேட்பதைத் தகுதி பெற்றவர் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

கட்டணம் வருகைக்கு எவ்வளவு, ரத்து செய்தால் என்ன, போக்குவரத்துச் செலவு தனியா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளலாம். 20 அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்ற சலுகையை முதல் சந்திப்புக்கு முன் ஏற்பது விவேகமன்று. நோயாளியைப் பார்க்காமலேயே எத்தனை அமர்வுகள் தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

செலவை யார் ஏற்பது?

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள்களின் தொடர் செலவு அதில் அடங்கும். மாதக்கணக்கில் வீட்டில் தொடரும் பிசியோதெரபிக்கு அது பொருந்தாது. தனியார் காப்பீடுகளில் விதி பாலிசிக்குப் பாலிசி மாறுபடுகிறது. மருத்துவரின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை, பதிவு எண்ணுடன் கூடிய ரசீது ஆகிய இரண்டும் இல்லாமல் கோரிக்கை ஏற்கப்படுவது அரிது என்பதால், முதல் நாளிலிருந்தே அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு வழி முற்றிலும் இல்லாமல் இல்லை. முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் பிசியோதெரபி வசதி அளிக்கப்படுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே சென்று வழங்குவதும் ஓர் அங்கம். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் வழியே இயங்கும் வலிநிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சைக் குழுக்கள் படுக்கையில் உள்ளவர்களின் வீடுகளுக்குச் செல்கின்றன. எந்த மாநிலமானாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பது முதல் படி. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணிலும் தகவல் பெறலாம்.

அவர் புறப்படும் முன்

முதல் சந்திப்பு முடியும்போது குடும்பத்தின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் மூன்று அல்லது நான்கு பயிற்சிகள், ஒவ்வொன்றும் எத்தனை முறை, நாளில் எத்தனை வேளை, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பவை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதப்பட்டிருந்தால் போதும். பத்துப் பதினைந்து பயிற்சிகளை அச்சிட்டுக் கொடுத்தால் மூன்றாம் நாளே எல்லாம் கைவிடப்படும். அனுமதி பெற்றுக் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்வது, மறுநாள் 'காலை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்' என்ற வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

அடுத்த ஓரிரு நாள்கள் தசைகளில் அசதி இருக்கலாம். பழகாத உழைப்பால் வருவது அது. மூட்டில் வலி கூடிக்கொண்டே போனாலோ, வீக்கம் அதிகரித்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ அடுத்த வருகை வரை காத்திராமல் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து வந்து உட்கார எடுத்துக்கொண்ட விநாடிகளையும், முழங்கால் மடங்கிய பாகையையும் தேதியுடன் அதே தாளின் மூலையில் எழுதித் தருமாறு கேட்டு, அந்த அளவுகளை மறுபடி எப்போது எடுப்பார் என்பதையும் அவர் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளலாம்.